சூடு கண்ட பாம்பு!

'சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது'ன்னு பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. பூனைக்கு அது சரிதான். ஆனா, அடிவயிறு வெந்துக்கிட்டே இருக்கும்போதும் அடுப்பு மேலயே சொகுசா சுருண்டு படுத்திருக்கிற ஒரு ஜீவன் இருக்கு, தெரியுமா? சாட்சாத் நம்ம பாம்பார்தான்!

'பாம்பு மேட்டர் எனக்கு எதுக்கு பாஸ்?'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. நாய்க்குட்டி, கலர் மீன் எல்லாம் போதாதுன்னு பாம்பு வளர்க்க ஆசைப்படற ஆள் உங்க கிளாஸ்லயும் ஒருத்தராவது இருப்பாங்க. எங்க ஹாஸ்டல்ல இருக்கான். என் ரூம்மேட்! பேரைப் போட்டா அவங்க அம்மா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துடுவாங்க. அதனால 'பைத்தான் பையன்'னு வெச்சுக்குவோம். 'பைத்தானுக்குப் பணம் வேணும்ப்பா'ன்னு இவன் கேட்க, ஏதோ கோடிங் கோர்ஸ்னு நினைச்சு அவங்கப்பா சந்தோஷமா அனுப்பியும் வெச்சுட்டார். பாவம், மனுஷன்!

பையன் வாங்க நினைச்சது 'பால் பைத்தான்'. உடனே 'பால் குடிக்குமா?'ன்னு கேட்கக் கூடாது. எந்தப் பாம்பும் பால் குடிக்காது. பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அதான் பேருக்குக் காரணம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, விஷமில்லாத, சாதுவான பாம்பு. கண்ணாடித் தொட்டிக்கும், அதுக்கு அடியில வைக்கிற ஹீட் மேட்டுக்கும் ஆன்லைன்ல ஆர்டர் போடப் போனவனைத் தடுத்து நிறுத்தினேன்.

"வாங்கறதுக்கு முன்னாடி பாம்புங்க எப்படி இருக்கும்னு ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துடலாம்டா. ஒரு சனிக்கிழமை போதும்."

அப்படிக் கிளம்பினதுதான் இந்த டூர். கிண்டி, வேளச்சேரி, வடநெம்மேலின்னு மூணே ஸ்டாப். ஏப்ரல் வெயில், கையில ஆளுக்கொரு தண்ணி பாட்டில். நீங்களும் வாங்க, போகலாம்!

ஸ்டாப் 1: கிண்டி

சர்தார் படேல் ரோட்டுல ஒரு பக்கம் பஸ்ஸும் பைக்குமா இரைச்சல். கேட்டைத் தாண்டி பத்தடி உள்ள வெச்சா, ஆலமர நிழலும் குயில் சத்தமும். சென்னைப் பாம்புப் பண்ணைக்குச் சின்ன வயசுல ஸ்கூல் டூர் வந்திருப்பீங்க. பாம்பைப் பாத்ததைவிட ஐஸ் வாங்கித் தின்னதுதான் ஞாபகத்துல இருக்கும். இன்னொரு தடவை போய்ப் பாருங்க. ரோமுலஸ் விட்டேகர் 1969ல தாம்பரம் பக்கத்துல சேலையூர்ல ஆரம்பிச்சு, 1972ல கிண்டிக்குக் கொண்டு வந்த இடம் இது. நாட்டுலயே இந்த மாதிரி அமைஞ்ச முதல் பண்ணை. (செவ்வாய்க்கிழமை லீவு. காலேஜ் கட் அடிக்கிறவங்க கவனிக்க!)

கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு மலைப்பாம்பு. பானை, மரக்கிளை, தண்ணித் தொட்டின்னு அதுக்குள்ள ஒரு குட்டி உலகம். பாம்பார் ஒரு மூலையில ஒட்டிக்கிட்டு அசையாம கிடந்தார்.

"என்னடா, செத்துப் போச்சா?"ன்னு நம்ம பையன் மெதுவாக் கேட்டான்.

பக்கத்துல ஒரு ஸ்கூல் கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கிட்டிருந்த அண்ணன் திரும்பினார். "சாகலை தம்பி, சூடு சேர்க்குது. நம்ம உடம்புக்குள்ள அடுப்பு இருக்கு. இட்லி, சோறுன்னு போட்டு எரிச்சு 37 டிகிரியில வெச்சிருக்கோம். அதுக்கு அடுப்பு கிடையாது. வெளியில இருந்துதான் சூடு வாங்கணும். குளிர்ந்தா வெயிலுக்குப் போகும், சுட்டா நிழலுக்கு வரும். கால்தான் அதுக்கு ஸ்விட்ச்."

"பாம்புக்கு ஏதுண்ணே கால்?"

"நகர்றதைச் சொன்னேன்ப்பா!" கூட்டமே சிரிச்சுது. நம்ம பையன் அந்த அண்ணனோட கண்ணைத் தவிர எல்லா இடத்தையும் பார்த்தான்.

சிரிப்பை விடுங்க. அவர் சொன்ன விஷயம்தான் இந்தக் கட்டுரையோட மொத்தக் கதையும். பாம்புக்குத் தெர்மாமீட்டரும் ஏ.சி.யும் அது வாழற இடம்தான். காட்டுல வெயில் பாறை ஒண்ணு, நிழல் புதர் ஒண்ணு, பொந்து ஒண்ணுன்னு சாய்ஸ் நிறைய. அதைத் தூக்கி ரெண்டடி கண்ணாடித் தொட்டிக்குள்ள போட்டோம்னா, அந்தச் சாய்ஸ் எல்லாம் நம்ம கைக்கு வந்துடுது. அதுக்கப்புறம் அந்தப் பாம்புக்கு எவ்வளவு சூடுன்னு முடிவு பண்றது பாம்பு இல்ல, நாம!

பால் பைத்தானோட சொந்த ஊர்ல அது பகல் முழுக்க எலி வளையிலயும் கரையான் புத்திலயும் பதுங்கியே கிடக்கிற பாம்பு. ராத்திரிதான் வெளியில வரும். நம்ம பையன் வாங்க நினைச்சதோ நாலு பக்கமும் பளபளக்கிற கண்ணாடி. வைக்க நினைச்ச இடம், ஹாஸ்டல் மொட்டை மாடிக்குக் கீழ் ரூம்ல, மேற்குப் பக்க ஜன்னலோரம்!

"காத்து வரும்டா"ன்னான்.

காத்து மட்டுமாடா வரும்?

ஸ்டாப் 2: வேளச்சேரி

கிண்டியில இருந்து வேளச்சேரி ரொம்பத் தூரமில்ல. அங்க ஒரு அபார்ட்மென்ட்ல எங்க சீனியர் ஒருத்தர் இருக்கார். ஈ.சி.ஈ. முடிச்சுட்டு இப்ப ஐ.டி. வேலை. அவர் வீட்ல ஒரு பால் பைத்தான் உண்டு. முறைப்படி பதிவு பண்ணி வெச்சிருக்கார்.

இங்க ஒரு சட்டப் பாயின்ட். நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்புன்னு நம்ம நாட்டுப் பாம்புகளைப் பிடிச்சு வந்து வீட்ல வளர்க்கறது 1972ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனங்களுக்கும் 2022ல திருத்தம் வந்தாச்சு. பால் பைத்தான் மாதிரி, சர்வதேச 'சைட்ஸ்' ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கிற பிராணிகளை வெச்சிருக்கிறவங்க 'பரிவேஷ்' தளத்துல பதிவு செய்யணும். அதுக்கான விதிகள் 2024ல வந்துச்சு. 'பில் எல்லாம் எதுக்குங்க, பாக்ஸ்ல போட்டு அனுப்பிடறேன்'னு இன்ஸ்டாவுல எவனாவது சொன்னா, அந்த பாக்ஸோட கேஸும் சேர்ந்து வரும்னு புரிஞ்சுக்கங்க.

சீனியர் பாம்பைக் கையில எடுத்தார். சாக்லேட்டும் சந்தனமும் கலந்த மாதிரி கலர். 'சூப்பர்ண்ணே!'ன்னு பையன் வாயைப் பிளந்தான். அடுத்து அவர் பாம்பை மெதுவாத் திருப்பி வயித்தைக் காட்டினார். பையனோட வாய் மூடிக்கிச்சு.

பால் கலர்ல வழவழன்னு வரிசையா இருக்க வேண்டிய வயித்துச் செதில்கள். நடுவுல ஒரு சாண் நீளத்துக்கு, சுருங்கிப் போன பாலிதீன் கவர் மாதிரி தழும்பு. பழுப்பும் வெள்ளையுமாத் திட்டுத் திட்டா.

"ஒரு ராத்திரி"ன்னார் சீனியர். "ஒரே ஒரு ராத்திரிதான்."

நடந்தது இதுதான். ரூம்ல ஏ.சி. 20 டிகிரி. பாம்புக்குக் குளிருமேன்னு தொட்டிக்கு அடியில ஹீட் மேட். மேட்டைக் கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட்டும் வெச்சிருக்கார், 32 டிகிரிக்கு. எல்லாம் கரெக்ட். ஆனா, தெர்மோஸ்டாட்டோட சென்சார் ஒயரை வெறும் செல்லோ டேப் போட்டு ஒட்டியிருந்தார். ராத்திரி அந்த டேப் விட்டுப்போச்சு. சென்சார் காத்துல தொங்க ஆரம்பிச்சுது. காத்து 20 டிகிரி. 'ஐயையோ, இன்னும் சூடே ஏறலையே!'ன்னு தெர்மோஸ்டாட் மேட்டுக்கு ஃபுல்லா கரன்ட் கொடுத்துக்கிட்டே இருந்திருக்கு. மேல பாம்பு சுருண்டு படுத்திருந்ததால, வந்த சூடு வெளியேறவும் வழியில்ல.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல 'க்ளோஸ்டு லூப், ஓப்பன் லூப்' வித்தியாசம் ரெண்டு மார்க்குக்கு எழுதியிருப்பீங்க. அந்த ரெண்டு மார்க் கேள்விதான் இந்தப் பாம்போட வயித்துல எழுதியிருக்கு.

சரி, பாம்பு ஏன் நகரலை? அதான் விஷயமே! பால் பைத்தானோட உதட்டு ஓரத்துல குட்டிக் குட்டிக் குழிகள் உண்டு. இருட்டுல எலியோட உடம்புச் சூட்டை அதை வெச்சே கண்டுபிடிச்சுடும். அவ்வளவு கில்லாடி! ஆனா, 'இங்க படுக்கலாமா, நகரலாமா'ங்கிற முடிவை அது பெரும்பாலும் உடம்போட உள்சூட்டை வெச்சுத்தான் எடுக்குதுன்னு கால்நடை டாக்டர்கள் விளக்கம் சொல்றாங்க. சுத்திலும் குளிர், உடம்பு உள்ள இன்னும் சூடேறலைன்னா, கீழே சூடா இருக்கிற ஒரே இடத்தை விட்டு அது நகராது. தோல் வேகும். பாம்பு படுத்தே கிடக்கும்.

இன்னொண்ணு, சூட்டுக்காயம்னா நெருப்புதான் வேணும்னு நினைக்காதீங்க. சூடு எவ்வளவுங்கிறது பாதிக் கணக்கு, எவ்வளவு நேரம்ங்கிறது மீதிக் கணக்கு. மனுஷத் தோலை வெச்சு 1947ல வெளியான ஆராய்ச்சிக் கணக்குப்படி, 60 டிகிரி சூடு 5 செகண்ட்ல சுட்டுடும். 44 டிகிரிக்கு 6 மணி நேரம் ஆகும். 44 டிகிரின்னா கையை வெச்ச உடனே சுட்டுடாது. அதுலயே 6 மணி நேரம் படுத்தா? ஒரு ராத்திரிங்கிறது பாம்புக்கு எவ்வளவு நீளம்னு இப்பப் புரியுதா?

காலையில பாத்தப்ப வயிறு லேசா ரோஸ் கலர்ல இருந்துச்சாம். பால் பைத்தான் சட்டை உரிக்கப் போற சமயத்துலயும் வயிறு அப்படி ரோஸ் ஆகும். 'சட்டை உரிக்கப் போகுது போல'ன்னு இவரும் ஆபீஸுக்குக் கிளம்பிட்டார். ரெண்டாம் நாள் செதிலுக்கு நடுவுல தண்ணி கோத்த கொப்புளம். சூட்டுக்காயம் எவ்வளவு ஆழம்னு முதல் நாளே தெரியாது. ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் சுயரூபம் காட்டும்.

உடனே பிராணிகளுக்கான டாக்டர்கிட்ட ஓட்டம். அங்க நடந்த வைத்தியம் கேட்டா ஆச்சரியமா இருக்கும். கிட்டத்தட்ட மனுஷனுக்கு நடக்கறதேதான்! முதல் வேலை, உடம்புல நீர்ச்சத்து ஏத்தறது. ஏன்னா, தோல் போன இடம் வழியா உடம்புத் தண்ணி கசிஞ்சு போயிட்டே இருக்கும். அடுத்து வலிக்கு ஊசி. பாம்புக்கும் வலிக்கும் சார், அது கத்தாது, அவ்வளவுதான்! ஊசியை உடம்போட முன்பாதியிலதான் போட்டாங்களாம். பின்பாதி ரத்தம் முதல்ல கிட்னி வழியாப் போறதால, மருந்து வீணாகிடக் கூடாதுன்னு பாம்பு டாக்டர்கள் காலங்காலமா கடைப்பிடிக்கிற வழக்கம் அது. தினமும் கிருமிநாசினி கலந்த தண்ணியில புண்ணைக் கழுவி, மனுஷங்களோட தீக்காயத்துக்குத் தடவற அதே சில்வர் சல்ஃபாடயஸின் க்ரீம். கிருமி தொத்தினதால ஆன்டிபயாட்டிக்.

"தொட்டிக்குள்ள தேங்கா நார் போட்டிருந்தேன். எல்லாத்தையும் எடுத்துட்டு நியூஸ் பேப்பர் விரிக்கச் சொல்லிட்டாங்க. தினமும் மாத்தணும்"னார்.

"எங்க இணைப்பிதழையும் விரிச்சீங்களாண்ணே?"

"படிச்சுட்டுத்தான் விரிச்சேன்!" நல்ல மனுஷன்.

இதுல ஒரு ட்விஸ்ட்டும் உண்டு. சூடு பட்ட பாம்பாச்சேன்னு அதைக் குளிர்ல போட்டுட்டா காரியம் கெட்டுடும். பாம்போட நோய் எதிர்ப்புச் சக்தி வேலை செய்யறதே உடம்பு சரியான சூட்டுல இருந்தாத்தான். அதனால மேட்டைத் தூக்கிப் போட்டுட்டு, ஏ.சி.யை ஆஃப் பண்ணி, ரூமையே இதமான சூட்டுல வெச்சு, பாம்போட சேர்ந்து இவரும் வேர்த்து வழிஞ்சிருக்கார். மாசக்கணக்குல!

பாம்புக்குத் தோல் ஆறுறது சட்டை உரிக்கிற கணக்குதான். ஒவ்வொரு தடவை உரிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாச் சரியாகும். ஆனா, தழும்பு விழுந்த இடத்துல சட்டை ஒழுங்கா உரியாம ஒட்டிக்கும். ஊர்ந்து போறதே வயித்துச் செதிலை வெச்சுத்தான். அங்கயே தழும்பு விழுந்தா? நம்ம உள்ளங்கால்ல விழுந்த மாதிரி.

வெளியில வந்தப்ப பையன் ரொம்ப நேரம் பேசலை. லிஃப்ட்ல மட்டும், "அண்ணன் எவ்ளோ கேர்ஃபுல்லான ஆளு... அவருக்கே இப்படியா?"ன்னான். நான் பதில் சொல்லலை. பதிலும் அவனே சொல்லிக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

பாக்ஸ் மேட்டர்: பாம்புக்குச் சூடு பட்டுடுச்சா?

1. சூடு வர்ற இடத்துல இருந்து உடனே பாம்பை எடுங்க. ப்ளக்கைப் பிடுங்குங்க.

2. இப்பதான் பட்டதுன்னா, சாதாரணக் குழாய்த் தண்ணியை அந்த இடத்துல சில நிமிஷம் மெதுவா ஊத்துங்க. ஐஸ் கூடவே கூடாது.

3. மஞ்சள், தேங்கா எண்ணெய், டூத்பேஸ்ட், இங்க்... பாட்டி வைத்தியம் எதுவும் வேண்டாம். கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீங்க.

4. மண், நார், மரத்தூளை எல்லாம் எடுத்துட்டு சுத்தமான பேப்பர் விரிங்க. குடிக்கத் தண்ணி வைங்க.

5. டாக்டர் சொல்ற வரைக்கும் சாப்பாடு போடாதீங்க, தூக்கிக் கொஞ்சாதீங்க.

6. சின்னக் காயமாத் தெரிஞ்சாலும் அன்னிக்கே கால்நடை மருத்துவமனைக்குப் போங்க. மருந்துக் கடையில கேட்டு நீங்களே க்ரீம் தடவறது டாக்டருக்கு மாற்று இல்ல.

ஸ்டாப் 3: வடநெம்மேலி

திருவான்மியூர் வந்து, மாமல்லபுரம் போற பஸ்ஸைப் பிடிச்சோம். ஜன்னலோர சீட், உப்புக் காத்து, முட்டுக்காடு படகுகள், கோவளம் தாண்டினா வடநெம்மேலி. அங்கதான் 1976ல ஆரம்பிச்ச முதலைப் பண்ணை.

மதியம் வெயில் மண்டையைப் பிளந்துச்சு. முதலைங்க என்ன செய்யுதுன்னு பாருங்களேன். சில பேர் கரையில வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடந்தாங்க. கோபம் எல்லாம் இல்ல. வாய் வழியா ஈரம் ஆவியாகி உடம்புச் சூடு குறையும். சில பேர் மரத்து நிழல்ல. மீதிப் பேர் மூக்கை மட்டும் வெளியில நீட்டிக்கிட்டுத் தண்ணிக்குள்ள. வெயில், நிழல், தண்ணின்னு மூணும் அவங்கவங்க சாய்ஸ். ஒரு மணி நேரத்துல இடம் மாத்திக்கிட்டே இருந்தாங்க. கிண்டி அண்ணன் சொன்ன 'கால் ஸ்விட்ச்' கண்ணு முன்னாடி வேலை செஞ்சுது.

இதே வளாகத்துலதான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். 1978ல தொடங்கினது. ஒரு காலத்துல பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடிச்சவங்க, தோல் வியாபாரத்துக்குத் தடை வந்ததும் விஷம் எடுக்கற தொழிலுக்கு மாறினாங்க. பாம்புக்கடி மருந்து தயாரிக்க நாடு முழுக்கப் போற விஷம் அது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலு வகை. சுமார் மூணு, நாலு வாரம் வெச்சிருந்து, நாலு தடவை விஷம் எடுத்துட்டு, வயித்துச் செதில்ல ஒரு சின்ன அடையாள வெட்டு வெட்டி, காட்டுலயே விட்டுடுவாங்க. அதே பாம்பு மறுபடி சிக்கினா அடையாளம் தெரியணும்ல!

எனக்குப் பிடிச்சது விஷம் எடுக்கறது இல்ல, வெச்சிருக்கிற பாத்திரம். மண் பானை! உள்ள பாதிக்கு மணல், வாய்க்கு மேல பருத்தித் துணி, கயித்துக் கட்டு. அவ்வளவுதான். ப்ளக் இல்ல, ஒயர் இல்ல, ரிமோட் இல்ல.

மூணாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறேங்கிற திமிர்ல கொஞ்சம் யோசிச்சேன். ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பர்ல சூடு கடத்தற வழி மூணு. கன்டக்ஷன், கன்வெக்ஷன், ரேடியேஷன். பாம்பைச் சுடறதும் இந்த மூணேதான். அடியில இருக்கிற ஹீட் மேட்டும், தொட்டிக்குள்ள வைக்கிற 'ஹீட் ராக்'ங்கிற சூட்டுக் கல்லும் கன்டக்ஷன். மேல தொங்கற பல்பு ரேடியேஷன். கம்பி வலை போட்டு மறைக்காம விட்டா, பாம்பு அந்த பல்பையே சுத்திக்கிட்டுத் தூங்கும். மூடின தொட்டிக்குள்ள சுழல்ற அனல் காத்து கன்வெக்ஷன்.

இப்ப கண்ணாடித் தொட்டியைக் கொண்டு போய் ஜன்னலோரம் வைங்க. வெயில் கண்ணாடி வழியா உள்ள போகும், சூடு வெளியில வராது. வெயில்ல பூட்டி வெச்ச கார் மாதிரிதான். மண் பானையை அதே ஊர்ல நிழல்ல வைங்க. வெயில் உள்ள புகாது, தடிச்ச மண் சூட்டை மெதுவாத்தான் விடும், துணி வழியாக் காத்து போய் வரும். உள்ள இருட்டு. பாம்புக்கு அதுதானே பொந்து!

ஃபார்முலா எழுதாமலே பாஸான டிசைன். நம்ம ஊர் வெயிலைத் தெரிஞ்சவங்க பண்ணினது.

ஹீட் மேட் தப்பான பொருள்னு சொல்லலை. அது பொறந்த இடம் வேற. லண்டன்லயும் நியூயார்க்லயும் டிசம்பர் மாசத்துல பாம்பு பிழைக்கணும்னா அது இல்லாம முடியாது. நம்ம ஊட்டி, கொடைக்கானல்லயும் தேவைப்படலாம். ஆனா, சென்னை? 2003 மே 31ம் தேதி 45 டிகிரி காய்ஞ்ச ஊர் சார் இது! இங்க வருஷத்துல பாதிக்கு மேல பாம்புக்குச் சூடேத்தறது பிரச்னை இல்ல, சூட்டுல இருந்து காப்பாத்தறதுதான் பிரச்னை. பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25, 26 டிகிரி இருந்தாப் போதும். உடம்பு 40 டிகிரிக்குப் போச்சுன்னா தோல் இல்ல, உயிரே போயிடும்.

அங்க இருந்தப்ப ஞாபகம் வந்த இன்னொரு கதை. 2017ல இருளர் இனத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவோட ஃப்ளோரிடாவுக்குப் பறந்தாங்க. அங்க எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம் முழுக்கப் பெருகிக் கிடக்கிற பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்கிறதுல உதவ. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சுது. செம பெருமைதான். ஆனா, அந்தப் பாம்புங்க அங்க எப்படி வந்துச்சு? செல்லப் பிராணி வியாபாரத்துல கடல் தாண்டிப் போய், தப்பிச்சதும், வளர்க்க முடியலைன்னு ஜனங்க கொண்டு போய் விட்டதும்தான்! 2010 ஜனவரியில அங்க திடீர்னு கடுங்குளிர் அடிச்சப்ப, அதுல ஏகப்பட்ட மலைப்பாம்புங்க விறைச்சுச் செத்துச்சு. ஆசைப்பட்டு வாங்கினவங்க யாரும் பாக்கக்கூட வரலை.

"எவ்வளவு வருஷம் இருக்கும்டா பால் பைத்தான்?"ன்னு பையன் கேட்டான். நல்லாப் பாத்துக்கிட்டா 20, 30 வருஷம்னு சொன்னேன். கடலைப் பாத்துக்கிட்டே விரல் விட்டு எண்ணினான். டிகிரி, வேலை, ஒருவேளை ஆன்சைட், கல்யாணம், அம்மாவோட ரியாக்ஷன்...

திரும்பற பஸ்ல ஆர்டர் கார்ட்டைத் திறந்தான். தொட்டி, மேட் ரெண்டையும் எடுத்தான். அப்பாவுக்கு போன் போட்டு, "பைத்தான் கோர்ஸ்தான்ப்பா சேரப் போறேன்"னான். அப்பா பாவம், இப்பவும் அதே சந்தோஷத்தோடதான் கேட்டுக்கிட்டார்!

பாக்ஸ் மேட்டர்: ஏற்கெனவே வளர்க்கறீங்களா? இதைப் படிங்க

1. தெர்மோஸ்டாட் இல்லாம மேட்டோ பல்போ போடவே கூடாது. கட்டுப்பாடில்லாத மேட் 45 டிகிரியை அசால்ட்டாத் தாண்டிடலாம்.

2. சென்சார் மேட்டுக்கும் தொட்டிக்கும் நடுவுல, நகராதபடி இருக்கணும். தினமும் ஒரு தடவை தொட்டுப் பாத்து உறுதிப்படுத்திக்கங்க.

3. மேட் தொட்டிக்கு வெளியில, அடிப்பக்கம். மூணுல ஒரு பங்கு இடத்துக்கு மேல வேண்டாம். மீதி இடம் குளிர்ச்சியா இருந்தாத்தான் பாம்புக்கு சாய்ஸ்.

4. ரெண்டு பக்கமும் தனித்தனி தெர்மாமீட்டர், ரெண்டு பக்கமும் ஒளிஞ்சுக்க இடம். ஒரு பக்கம் மட்டும் பொந்து வெச்சா, சுட்டாலும் பயத்துல அங்கயே கிடக்கும்.

5. சூட்டுக் கல் வேண்டவே வேண்டாம். பல்புன்னா கம்பிக் கூண்டு கட்டாயம்.

6. கண்ணாடித் தொட்டி மேல நேர் வெயில் படவே கூடாது. கரன்ட் போனா ஏ.சி. ரூமும் அடுப்பு ரூம்தான். என்ன செய்யறதுன்னு முன்னாடியே யோசிச்சு வைங்க.

7. வாரம் ஒரு தடவை வயித்தைத் திருப்பிப் பாருங்க. பாம்பு தானாச் சொல்லாது.

பாம்பு வளர்க்காத நீங்களும் ஒரு விஷயம் செய்யலாம். வீட்டுக்குள்ள வந்த பாம்பை யாராவது பிடிச்சு பிளாஸ்டிக் டப்பாவுல அடைச்சு, ஃபாரஸ்ட் ஆபீஸர் வர்ற வரைக்கும் வெயில்ல வெச்சிருந்தா, 'நிழலுக்கு எடுத்து வைங்கண்ணே'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பாம்பு வளர்க்கிற ஃப்ரெண்டு யாராவது இருந்தா, அடுத்த தடவை பாக்கும்போது 'எவ்வளவு நீளம்டா இருக்கு?'ன்னு கேக்காதீங்க. 'சென்சார் எங்கடா ஒட்டியிருக்க?'ன்னு கேளுங்க. பதில் சொல்ல அவன் யோசிச்சான்னா, வீட்டுக்குப் போய் முதல்ல அதைப் பாக்கச் சொல்லுங்க.